குருதிப் பதிவேட்டில் ஒரு மகள்

அப்பா இறந்துவிட்டதாக அமுதினிக்குச் செய்தி வந்தபோது, அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

மேசைமேல் கிடந்த கைபேசி அதிர்ந்தது. அரசு முத்திரையுடன் ஒரு கடிதம். 'தங்கள் தந்தை திரு. ஆவுடையப்பன், கோவில்பட்டி, 3-3-2061 அன்று காலமானார். உயில் ஏதும் பதிவாகவில்லை. குருதிப் பதிவேட்டின்படி தாங்கள் அவருடைய மகள், முதல் வகுப்பு வாரிசு. முப்பது நாட்களுக்குள் கோவில்பட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நேரில் வந்து உறுதி செய்க. தங்கள் துயரில் அரசு பங்கு கொள்கிறது.'

அமுதினி உரக்கப் படித்துக் காட்டினாள். அப்பா சிவஞானம் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"நான் எப்படி ஏட்டி ஆவுடையப்பன் ஆனேன்? அதுவும் கோவில்பட்டியில போயா செத்தேன்?"

அவளும் சிரித்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. திருநெல்வேலி – பாபநாசம் தடத்தில் பதினோரு ஆண்டுகளாக மின்பேருந்து ஓட்டுகிறாள். அரசு இயந்திரங்கள் செய்யும் கோமாளித்தனங்கள் அவளுக்குப் பழக்கம். பணிமனைக்குப் போகும் வழியில் உதவி எண்ணை அழைத்தாள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு வருஷத்துக்கு முன்னாடி எல்லாருகிட்டயும் ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்தோம்ல மேடம். ஒருத்தர் இறந்தா, அவரோட ரத்தத்தோட பதிவேட்டையே ஒப்பிட்டுப் பாக்கும். மத்த நேரத்துல யார் உறவையும் தோண்டாது. உங்க ரத்தம் அவரோட மக ரத்தம்தான். சந்தேகமே இல்லை."

மாலையில் அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. பகல் முழுவதும் அவர் ஏதோ யோசித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அது பிசகு இல்ல, அமுதா," என்றார். "ஒனக்கு ஒம்பது வயசுல ரத்தப் புற்று வந்துச்சுல்லா. அப்ப ஒன்னோட மஜ்ஜையை முழுசா அழிச்சிட்டு, வேற ஒரு பிள்ளையோட மஜ்ஜையை ஏத்தினாக. ரத்தம் ஊறுதது மஜ்ஜையிலதான். அன்னையில இருந்து ஒன் உடம்புல ஓடுதது அந்தப் பிள்ளை ரத்தம். கன்னத்து உள்பக்கம் தேச்சு எடுத்துப் பாத்தா நீ என் மக. ரத்தத்தை எடுத்துப் பாத்தா அந்த ஆவுடையப்பன் மக."

அமுதினி நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தேழு ஆண்டுகளாக அந்தக் கொடையாளியின் பெயரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். பெயரைச் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. மருத்துவமனை கொடுத்த விவரம் மூன்றே மூன்று: பெண், இருபது வயது, கல்லூரி மாணவி.

"அப்ப அந்தக் கடிதம் அவங்களுக்குல்லா போயிருக்கணும்? எனக்கு ஏன் வருது?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு. அந்தப் பிள்ளை பதிவேட்டுலயே இல்ல போலுக்கு."

மறு வாரம் இருவரும் கோவில்பட்டிக்குப் போனார்கள். வட்டாட்சியர் உலகம்மாள் ஐம்பது வயதைக் கடந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, சிவஞானம் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரு பெருமூச்சு.

"ஆவுடையப்பன் இங்க அச்சாபீஸ் வச்சிருந்தாரு. சம்சாரம் முன்னாடியே தவறிட்டாங்க. ஒரு மகன், கோமதிநாயகம். ஒரு மக, செண்பகவல்லி. அவங்க ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே வீட்டை விட்டுப் போயிட்டாங்க. தூத்துக்குடியில ஒரு படகு மெக்கானிக்கைக் கட்டினதாச் சொல்றாங்க. நாப்பத்தெட்டுல ஒரு புயல்ல இலங்கைக்குப் போன பயணிகள் படகு கவுந்துச்சே, அதுல ரெண்டு பேரும் இருந்தாங்களாம். உடம்பு கிடைக்கலை. பதிவேட்டுக்கு ரத்தம் எடுக்கிறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி."

சிவஞானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்ல வந்தவருக்கு அதைக் கேட்க ஆள் இல்லை.

"இதுல வேற ஒரு சங்கடமும் இருக்கு," என்றார் உலகம்மாள். "அவங்களுக்கு ஒரு பொண்ணு. பவளமல்லின்னு பேரு. தாத்தா சொத்துல அம்மா பங்கைக் கேட்டு மனு போட்டிருக்கு. சட்டப்படி, முன்னாடியே இறந்துபோன மகளோட பிள்ளையும் முதல் வகுப்பு வாரிசுதான். ஆனா பதிவேடு ஒரு படி தாண்டிப் பாக்காது. தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவுல அம்மாவோட ரத்தம் வேணும்னு கேக்கும். தூரத்துச் சொந்தக்காரங்க பேரன் பேத்தின்னு வந்து ஏமாத்தினதுக்கு அப்புறம் வச்ச விதி. அந்தப் பொண்ணோட பிறப்புச் சான்றிதழ்ல தாய் பேரு செண்பகான்னு மட்டும் இருக்கு. அந்தச் செண்பகாவோட அப்பா பேரு இல்ல, பிறந்த ஊரு இல்ல. இவதான் அவங்கன்னு எதை வச்சு நான் நம்புறது? இந்த லட்சணத்துல நேத்து பதிவேடு அந்த மனுவைத் தள்ளுபடியே பண்ணிடுச்சு. என்ன காரணம் சொல்லிச்சு தெரியுமா? 'தாய் உயிருடன் இருக்கிறார்.' ஆவுடையப்பன் மக ரத்தம் உங்க பேர்ல உயிரோட இருக்குல்ல, அதனால. அந்தப் பொண்ணு ரத்தத்தோட ஒப்பிட்டுக்கூடப் பாக்கலை."

அமுதினிக்குப் புரிவதற்குள் கதவு தள்ளித் திறந்தது. நீல நிற ஆலைச் சீருடையில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து உடை கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கிறாள்.

"மேடம், எங்கம்மா எங்க? உயிரோட இருக்காகன்னு செய்தி வந்துச்சு. அவுகளை இங்க வரச் சொல்லியிருக்கீகளாம். எங்க மேடம் அவுக?"

வட்டாட்சியரைத் தவிர அறையில் இருந்த ஒரே பெண்ணை, அமுதினியை, பவளமல்லி உற்றுப் பார்த்தாள். வயது பொருந்தவில்லை, முகம் பொருந்தவில்லை. இருந்தாலும் அவள் கண்கள் அந்த முகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.

அமுதினி எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். பேருந்தில் எத்தனையோ பேரை இறங்கச் சொல்லி அதட்டிய குரல் அன்று தணிந்தே வந்தது.

"அது நான்தாம்மா. என் உடம்புல ஓடுதது ஒங்கம்மா ரத்தம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எனக்குக் குடுத்தாக. பதிவேடு அதைப் பாத்துட்டு அப்படிச் சொல்லிடுச்சு. அவுக இல்லம்மா."

பவளமல்லி கையை இழுத்துக்கொண்டாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வயதில் தாயைக் கடலுக்குக் கொடுத்து, அத்தை வீட்டில் வளர்ந்தவள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு ராத்திரிக்குத் தாய் உயிரோடு வந்து, மறுபடி போய்விட்டாள்.

உலகம்மாள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "இந்தப் பதிவேடு வந்தப்போ முதல்ல கை தட்டினவ நான்தான்," என்றார் யாரிடமும் என்றில்லாமல். "புருஷன் செத்த துக்கத்தோட பொம்பளைங்க ஆறு மாசம் இந்த வாசல்ல நிப்பாங்க. இப்ப ரெண்டு நாள்ல சான்றிதழ் வீட்டுக்கே போகுது. நல்ல மெஷின்தான். ஆனா இந்த மாதிரி ஒண்ணு வந்தா, கையெழுத்துப் போட நம்மளதான் தேடுது."

"மேடம்," என்றாள் அமுதினி, "என் ரத்தத்தை வச்சு இந்தப் பிள்ளைக்குப் பாத்தா என்ன? அம்மா ரத்தம்தானே நடுவுல வேணும்? அது எங்கிட்ட இருக்குல்லா."

உலகம்மாள் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"அதை நானே யோசிச்சேன். உங்ககிட்டக் கேக்க வாய் வரலை. என்னன்னா, ரத்தம் உயிரோட இருக்கிறவரைக்கும் பேத்திக்கு உரிமை வராது. அதனால உங்க பேர்ல இருக்கிற பதிவை எடுத்து செண்பகவல்லி பேர்ல மாத்தணும். மாத்தி, இறந்துபோனவங்கன்னு குறிக்கணும். அப்ப உங்களுக்குப் பதிவேட்டுல ரத்தமே இருக்காது. கன்னத்துல எடுக்கிறதை ஏத்துக்க மாட்டாங்க, சட்டத்துல 'குருதி'ன்னுதான் எழுதியிருக்கு. திருத்தணும்னா எட்டு மாசமோ ஒரு வருஷமோ. அதுவரைக்கும், ரத்தப் பதிவு இல்லாததால, உங்க ஓட்டுநர் உரிமம் நிக்கும். நாளைக்கு உங்க அப்பாவுக்கே ஒண்ணு ஆனாலும், அவருக்கு நீங்க வாரிசுன்னு பதிவேடு சொல்லாது."

அமுதினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பேருந்துதான் எல்லாம். நோயாளிக் குழந்தை என்று ஊரே பரிதாபப்பட்ட காலத்திலிருந்து மீண்டு, பன்னிரண்டு டன் வண்டியை மலைச்சாலையில் ஏற்றி இறக்குகிறவள் அவள். ஓட்டுநர் இருக்கையில் உட்காராத ஒரு வருடத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிவஞானம் கொஞ்சமும் தயங்கவில்லை. "என் விஷயம் ஒண்ணுமே இல்ல மேடம். நான் உயிரோடதான இருக்கேன்? திங்கக்கிழமை பதிவாளர் ஆபீசுக்குப் போயி உயில் எழுதிடுதேன். ஒரு தாள்ல முடியுத காரியம். வண்டி ஓட்டுததுதான் அவ தீர்மானிக்கணும். அதுல நான் சொல்லக் கூடாது."

"நான் வேண்டாம்னு சொன்னா, அந்த அம்மா ரத்தத்தை ஒடம்புல வச்சுக்கிட்டே அவுக பிள்ளையை வாசல்ல நிறுத்தினதா ஆயிடும்," என்றாள் அமுதினி. "எடுங்க மேடம்."

பெஞ்சிலிருந்து பவளமல்லி தலை நிமிர்ந்தாள். "எனக்காகன்னு நெனச்சுச் செய்யாதீக அக்கா. நான் பாவம்னு சொல்லிக்கிட்டு இங்க வரலை. எனக்கு அந்தப் பங்கு வேணும். எங்கம்மாவுக்குச் சேர வேண்டியது. அதை வாங்காம விட மாட்டேன். அவ்வளவுதான்."

"நல்லதுதான். அப்படியே இரு," என்றாள் அமுதினி.

ஒன்றரை மணி நேரத்தில் ஒப்பீட்டின் முடிவு வந்தது. தாயும் மகளும். ஆவுடையப்பனின் மகன் கோமதிநாயகத்துக்கு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து உலகம்மாள் கடிதம் அனுப்பினார்.

பதினைந்தாம் நாள் காலை விசாரணை. கோமதிநாயகம் வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த ஆட்சேபணையோடு வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது. சட்டைப் பையில் மூன்று பேனா. சண்டை போட வந்தவர் போலத் தெரியவில்லை. சண்டை போடச் சொல்லி யாரோ அனுப்பி வைத்தவர் போல இருந்தார். பவளமல்லியை அவர் பார்க்கவே இல்லை. அவளுடைய நெற்றியும் மூக்கும் அவருடையவை போலவே இருந்ததை அங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ஒடம்புல இருந்தா அது சாட்சியம் ஆகாதுன்னு வக்கீல் சொல்லுதாரு மேடம். அதுக்கு மேல, ஒரு விஷயம் சொல்லணும். எங்கப்பா சாகுத வரைக்கும் அவ பேரை வீட்டுல எடுக்க விடலை. சொல்லாம கொள்ளாம ஒருத்தனோட ஓடினவ. அவருக்குப் பிடிக்காத ஒண்ணை அவர் செத்த பிறகு நான் எப்படிச் செய்ய?"

"அவருக்குப் பிடிக்கலைன்னா உயில் எழுதியிருக்கலாம்," என்றார் உலகம்மாள். "எழுதலை. எழுதாத மனசைச் சட்டம் படிக்காது. சாட்சியம் ஆகுமா ஆகாதான்னுதான் நான் பாக்கணும். மஜ்ஜை மாத்தினதுக்கு ஆதாரம் கொண்டு வந்திருக்கீங்களா ஐயா?"

சிவஞானம் ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே மருத்துவமனை கொடுத்த தாள்கள், ஓரம் நைந்து, மடிப்புகளில் ஒட்டுப் போட்டு. உலகம்மாள் முறைப்படி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"மதுரை. நோயாளி அமுதினி, வயது ஒன்பது. கொடையாளி பெண், வயது இருபது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்த நாள், ஜூலை பன்னிரண்டு, இரண்டாயிரத்து முப்பத்து நாலு, புதன்கிழமை. கொடையாளி வெள்ளிக்கிழமை காலையில் வீடு திரும்பினார்."

"என்ன தேதி?" என்றார் கோமதிநாயகம்.

உலகம்மாள் மறுபடி படித்தார்.

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். உதடுகள் அசைய, தேதியைத் தானே படித்தார். பிறகு, உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் காலேஜுல இருந்து வரலை," என்றார். "ரெண்டு நாளு தேடினோம். யாரோ ஒருத்தன் கூட பஸ்ஸுல பாத்ததாச் சொன்னாக. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தா. நடக்க முடியாம நொண்டிக்கிட்டே வந்தா. அப்பா எங்க போனேன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒரு பிள்ளைக்கு ரத்தம் ஊற வைக்கக் குடுத்துட்டு வாரேன், சொன்னா விட மாட்டீகன்னு சொல்லலைன்னா. அப்பா ரசீதைக் காட்டுன்னாரு. பேரே தெரியக் கூடாத காரியத்துக்கு ரசீது குடுக்க மாட்டாகப்பான்னு சொன்னா. யாருமே நம்பலை. அம்மா மட்டும் அழுதா."

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

"நீ பொய் சொல்லுதேன்னு சொல்லிக் கதவைச் சாத்தினது அப்பா இல்லை. நான். எனக்கு அப்ப இருபத்துமூணு வயசு."

பவளமல்லியின் முகம் இறுகியிருந்தது. மெதுவாகப் பேசினாள்.

"அப்பாவை அம்மா பாத்ததே அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். தூத்துக்குடியில ஒரு சிநேகிதி வீட்டுல இருந்து வேலைக்குப் போனப்ப. பிறந்த ஊரு எதுன்னு கேட்டா சொல்லும். ஏன் அங்க போகலைன்னு கேட்டா, ஒரு முக்கியமான வேலையா மதுரைக்குப் போயிருந்தேன், திரும்பிப் போக லேட்டாயிடுச்சுன்னு சொல்லிச் சிரிக்கும். அவ்வளவுதான் சொல்லும். ஒங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லை."

சிவஞானம் எழுந்தார். கோமதிநாயகத்தின் அருகில் போய், என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தோளில் கை வைத்தார். இத்தனை ஆண்டுகள் அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்த நன்றிப் பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்லும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

"அண்ணாச்சி," என்றார் கடைசியில், "என் மக பிழைச்சா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கோமதிநாயகம் அமுதினியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வலுவான தோள்களும் வெயிலில் கறுத்த முன்கைகளுமாக நின்ற அந்தப் பெண்ணை, அவள் கையில் புடைத்துத் தெரிந்த நரம்பை. பிறகு ஆட்சேபணைத் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்றார்.

பதிவை மாற்றும் உத்தரவில் அமுதினியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'மேற்படிக் குருதி எனக்குரியதன்று. காலஞ்சென்ற செண்பகவல்லிக்கு உரியது.' அவள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"'எனக்குக் கொடுக்கப்பட்டது'ன்னு ஒரு வரி சேத்துக்கலாமா மேடம்?"

"படிவத்துல இடம் இல்லையே," என்ற உலகம்மாள், கொஞ்சம் யோசித்து, தாளின் ஓரத்தில் தன் கையாலேயே அதை எழுதி முத்திரை வைத்தார்.

அன்று மாலையே சான்றிதழ் வந்தது. வாரிசுகள் இருவர்: மகன் கோமதிநாயகம், மகள்வழிப் பேத்தி பவளமல்லி. அதே நிமிடம் அமுதினியின் ஓட்டுநர் உரிமம் நின்றுபோனது.

எட்டு மாதமோ ஒரு வருடமோ என்றது பதினான்கு மாதம் ஆயிற்று. அமுதினி பணிமனையில் மின்கலங்களைக் கழற்றி மாட்டினாள். தன் வண்டியை வேறு யாரோ ஓட்டிப் போவதைத் தினமும் பார்த்தாள். சில நாள் எரிச்சலில் யாரிடமும் பேச மாட்டாள். உலகம்மாள் சென்னைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்பது கடிதங்கள். அவளைப் போல மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள் மாநிலத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் இருப்பது அப்போதுதான் தலைமைச் செயலகத்துக்கு உறைத்தது. சட்டத்தில் 'குருதி' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அல்லது உடலின் வேறு திசு' என்று நான்கு சொற்கள் சேர்ந்தன. கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்து எடுத்தார்கள். அமுதினி மறுபடியும் சிவஞானத்தின் மகளானாள். அப்பா தன் உயிலை மட்டும் கிழிக்கவில்லை.

வண்டிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம், பாபநாசத்தில் பயணிகளுக்காகக் காத்திருந்தபோது பவளமல்லி அழைத்தாள். பங்கைப் பிரித்து வாங்கியவள் அச்சகத்தின் பாதியை விற்கவில்லை. விடுமுறை நாட்களில் அங்கே போய்க் கணினியில் வேலை பார்க்கிறாள் என்பது அமுதினிக்குத் தெரியும். மாமாவும் மருமகளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியும்.

"மதுரையில இருக்கேன் அக்கா. போன வருஷம் மஜ்ஜைக் கொடையாளி பட்டியல்ல பேரு குடுத்தேன். யாருக்கோ பொருந்திடுச்சாம். காலையில எடுத்தாக. இடுப்புதான் வலிக்குது."

"யாருக்குன்னு சொன்னாகளா?"

"சொல்ல மாட்டாகளே. சின்னப் பையன்னு மட்டும் சொன்னாக."

"தொணைக்கு யாரு இருக்கா? நான் வரட்டுமா?"

"மாமா நேத்துல இருந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. ராத்திரியும் போகலை. நர்ஸம்மா வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாலும் அசைய மாட்டேங்காரு. வார்டு கதவு மூடுதப்ப எல்லாம் எந்திரிச்சு வந்து தொறந்து பாக்காரு அக்கா."